அந்தப் பச்சை வண்டிக்கு எந்த ஆயில்

கார் உதிரிபாகக் கடையில் ஆயில் விற்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரேக் விற்பவருக்கு ஒரு மரியாதை உண்டு, உயிர் சமாச்சாரம். விளக்கு விற்பவருக்கு ஒரு மினுக்கு உண்டு. ஆயில் விற்பவர் கடைசி மூலையில், தரை எப்போதும் கொஞ்சம் வழுக்கும் இடத்தில், நாலு வரிசைத் தட்டுகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர் "ஒரு நல்ல ஆயிலா குடுங்க" என்பார். கைக்கு எட்டியதை எடுத்து நீட்டினால் வேலை முடிந்தது.

நம் ஆயில்காரரிடம் அது நடக்காது. மூன்று கேள்வி கேட்காமல் அவர் டப்பாவில் கை வைக்கமாட்டார். வண்டி இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது? மெதுவாக ஓட்டுவீர்களா, விரட்டுவீர்களா? இன்ஜினை எப்போதாவது யாராவது திறந்திருக்கிறார்களா? முதல் இரண்டுக்கும் மனிதர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதற்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "நான் ஆயில் வாங்க வந்தேனா, வேலைக்கு ஆள் எடுக்கற இடத்துக்கு வந்தேனா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் ஒருவர். அவருக்கும் சரியான ஆயிலைக் கொடுத்துத்தான் அனுப்பினார் ஆயில்காரர்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். காரணம் எளிது, அவர்கள் நின்று பேசுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு நம்பிக்கை, முரட்டு வண்டிக்கு முரட்டு ஆயில்தான் வேண்டும் என்று. தேன் மாதிரி கெட்டியாக இருந்தால் இன்ஜின் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பு. ஆயில்காரர் பொறுமையாக எடுத்துச் சொல்வார்.

"சார், உங்க இன்ஜின் உள்ள இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல ஒரு முடி அளவுதான் இடம். வண்டியை ஸ்டார்ட் பண்ணின அந்த நொடியே ஆயில் அங்க ஓடிப் போய் நிக்கணும். கெட்டி ஆயில் கிளம்பறதுக்குள்ள தேய்மானம் ஆரம்பிச்சிடும். வண்டியைச் செஞ்சவன் புத்தகத்துல அஞ்சு முப்பதுன்னு போட்டிருந்தா அஞ்சு முப்பதுதான். அவனைவிட நமக்கு என்ன தெரியும்?"

அஞ்சு முப்பது என்பது மெல்லிய ஆயில். இருபது ஐம்பது என்பது கெட்டி. கடையில் எல்லாருக்கும் புத்தகப்படிதான் நடப்பார் ஆயில்காரர், ஒரே ஒரு வண்டியைத் தவிர. அந்த ஒரு வண்டிதான் இந்தக் கதை.

அதற்கு முன் அவருடைய அறையைச் சொல்லிவிடுகிறேன். அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. பகலெல்லாம் கீழே இயந்திரம் ஓடுகிற அதிர்வில் மேசைமேல் வைத்த டம்ளர் மெதுவாக ஓரத்துக்கு நகரும். சாயங்காலம் வந்ததும் அதை நடுவுக்குத் தள்ளி வைப்பார், அதுதான் வீட்டுக்கு வந்ததற்கு அடையாளம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு தட்டு. இரண்டாவது தட்டு முதல் தட்டை மூடுவதற்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "ஆயில் நாத்தம் பிடிச்சவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் அடுத்த பேச்சு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அச்சகமும் ஓடாது. அன்றைக்கு டம்ளர்கூட நகராது. மனிதர் தனியாக இருந்தார், அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

அந்தத் தனிமைக்கு நடுவே வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி. மழை முடிந்து வெயில் எட்டிப் பார்க்கிற வாரத்தில் யாராவது ஒருவர் கடைக்கு வருவார். ஒரு வருஷம் தபால்காரர், ஒரு வருஷம் கண்ணாடிக் கடைக்காரர், இன்னொரு வருஷம் ஒரு லாரி டிரைவர். யாராக இருந்தாலும் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். வலப்பக்கம் சாய்ந்த, சிறிய, படித்தவன் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் ஒரே வாசகம்: "பச்சை வண்டி. நாலரை லிட்டர். இந்த வண்டிக்கு எந்த ஆயில் சரி?"

அது ஆயில்காரரின் தம்பி கையெழுத்து. தம்பியும் அவரும் பேசிப் பதினோரு வருஷமாகிறது.

சீட்டு வந்ததும் அவர் மூன்று கேள்வியும் கேட்கமாட்டார். இருபது ஐம்பது ஆயில் டப்பாக்களை எடுத்து, துணியால் துடைத்து, சீட்டின் பின்பக்கத்தில் "20-50. வேறு எதுவும் ஊற்ற வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பார். புத்தகத்தில் அந்த வண்டிக்குப் போட்டிருந்தது அஞ்சு முப்பது. அது அவருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். வந்தவர் போனபிறகு மத்தியானம் வரைக்கும் அவருக்கு ஒரு வேலையும் ஓடாது.

அப்படி என்னதான் நடந்தது?

அண்ணன் தம்பி இருவருமாக ஒரு பட்டறை வைத்திருந்தார்கள். இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. அண்ணன் கை, தம்பி தலை. சாமான் வரவழைப்பது, கடிதம் எழுதுவது, வண்டிப் புத்தகங்களை வரி விடாமல் படிப்பது எல்லாம் தம்பி. ஸ்பேனரைப் பிடிப்பது அண்ணன். யாரோ கைகழுவிவிட்ட ஒரு பழைய இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, இரண்டு வருஷம் கண்ணும் கருத்துமாக உயிர் கொடுத்தார்கள். கரும்பச்சை வர்ணத்தை அடித்தது தம்பி. பழைய விமான ஓடுதளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் கூடுகிற ஓட்டம் இருந்தது. தம்பி ஓட்டுவதாக ஏற்பாடு. அன்றைக்கு வண்டி நன்றாக ஓடினால் அங்கே வரும் அத்தனை பேரும் தங்கள் கொட்டகைக்கு வருவார்கள் என்று இருவருக்கும் கனவு.

நாலு நாள் இருக்கும்போது அண்ணன் இன்ஜினைக் கடைசியாகப் பூட்டினார். நடுவில் சுழலும் கிராங்க் தண்டைக் கீறல் போவதற்காகக் கடைசலுக்குக் கொடுத்திருந்தார்கள். கீறல் போயிருந்தது. ஆனால் தண்டு ஒரு முடி அளவு மெலிந்து வந்திருந்தது. மெலிந்த தண்டுக்கு, அதைச் சுற்றித் தாங்கும் பேரிங்கைக் கொஞ்சம் தடிப்பாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளி கூடிப்போகும். தடித்த பேரிங் வரவழைக்க மூன்று வாரம் ஆகும். பழைய அளவுப் பேரிங் கையிலேயே இருந்தது. அண்ணன் அதையே போட்டு மூடினார். இடைவெளி கூடினால் என்ன, கெட்டி ஆயில் ஊற்றினால் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. ஒரு ஓட்டம் ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருபது ஐம்பது ஊற்றினார். தம்பியிடம், "எல்லாம் சரியா இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தம்பி ஆயில் டப்பாவைப் பார்த்தான். புத்தகத்தில் வேறு போட்டிருக்கிறதே, அண்ணன் அவசரத்தில் மாற்றி ஊற்றிவிட்டார் போல என்று, ஊற்றியதை வடித்துவிட்டு அஞ்சு முப்பதை நிரப்பினான். உதவி என்று நினைத்துத்தான் செய்தான்.

ஆறாவது சுற்றில் இன்ஜினுக்குள் சுத்தியல் அடிப்பது போலச் சத்தம் கேட்டது. பிறகு புகை. வண்டி ஓரமாக நின்றது. ஒரு கூட்டமே சூழ்ந்துகொண்டது. அண்ணன் ஓடி வந்தார். ஆயிலைத் தொட்டுப் பார்த்ததும் தம்பி மாற்றியிருப்பது விரலிலேயே தெரிந்தது. யாரும் கேட்கும் முன்னே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் ஊத்தின ஆயிலை மாத்தி ஊத்தியிருக்கான். புத்தகத்தைப் படிச்சுப் படிச்சு வண்டியைக் கொன்னுட்டான்."

அத்தனை தலையும் தம்பி பக்கம் திரும்பியது. தம்பியும் அதை நம்பிவிட்டான். அதுதான் தாங்க முடியாதது. "தப்பு என்னோடதுதான் அண்ணா, உன்னைக் கேக்காம செஞ்சிருக்கக் கூடாது" என்று அன்றைக்குச் சொன்னான், மறுநாள் சொன்னான், மாதக்கணக்கில் சொன்னான். தம்பி வருந்த வருந்த அண்ணனுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. வெந்துபோன பேரிங்கைக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக மாற்றினார். அதையும் பழைய அளவிலேயே போட்டார், தடித்த பேரிங் கேட்டால் தம்பிதானே அதற்குக் கடிதம் எழுத வேண்டும், குட்டு வெளிப்பட்டுவிடுமே. கடைசியில் ஒரு நட்டு காணாமல் போனதைச் சாக்காக வைத்து ஒரு பெரிய சண்டையைத் தானே கிளப்பி, "இனிமே உன் முகத்துல முழிக்கமாட்டேன்" என்று கிளம்பி வந்துவிட்டார். விரட்டியது யாருமில்லை. தானே ஓடினார்.

வண்டி தம்பியிடம் தங்கியது. அடுத்த வருஷம் முதல் சீட்டு வந்தது.

இந்த வருஷம் மழை முடிந்தது. வெயில் எட்டிப் பார்த்தது. அந்த வாரம் முழுக்க ஆயில்காரர் ஸ்டூலை வாசல் தெரிகிற மாதிரி கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு பெண் வந்தார். பல் டாக்டராம், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த அவசரம்.

"அஞ்சு முப்பது நாலரை லிட்டர் வேணும். ஒரு ஆயில் ஃபில்டரும்."

"வண்டி எவ்வளவு ஓடியிருக்கு மேடம்?"

"தெரியல. போன வாரம்தான் வாங்கினேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, பச்சைக் கலர்."

ஆயில்காரர் பேயறைந்தவர் போல நின்றார். அப்படி ஒரு வண்டி அந்த ஊரிலேயே ஒன்றுதான்.

"வித்தவர் யாரு?"

டாக்டர் சொன்ன அடையாளத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. கைப்பையிலிருந்து ஒரு சீட்டையும் எடுத்துக் காட்டினார். சாய்ந்த எழுத்து: "புத்தகத்தில் உள்ளதே சரி. 5-30." இந்தச் சீட்டில் கேள்வி ஏதும் இல்லை.

"இந்தக் கடைக்குப் போகச் சொன்னாரா?"

"இல்லையே. எந்தக் கடைலயும் கிடைக்கும்னார்."

ஆயில்காரர் சீட்டை இன்னொரு தடவை படித்தார். வண்டியை விற்றுவிட்டான் என்பது ஒரு அடி. மெல்லிய ஆயில் ஊற்றச் சொல்லியிருக்கிறான் என்பது அதைவிடப் பெரிய அடி. பதினோரு வருஷமாகக் கெட்டி ஆயில் தாங்கிக்கொண்டிருந்த இடைவெளி அது.

"மேடம், இது வேண்டாம். இருபது ஐம்பது ஊத்துங்க. நான் சொல்றேன்."

"ஏன்? புத்தகத்துல அஞ்சு முப்பதுதானே இருக்கு?"

"இருக்கு. ஆனா அந்த இன்ஜின் உள்ள கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன?"

சொல்லியிருக்கலாம். கேட்டது முன்பின் தெரியாத ஒரு பெண். "...பழசு" என்றார்.

டாக்டர் சிரித்தார். "பழசுன்னு தெரிஞ்சுதாங்க வாங்கினேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து மலைப் பாதையில ஓட்டப் போறோம். சனிக்கிழமை ஆயில் மாத்திடணும்."

அவர் கேட்ட ஃபில்டர் இருப்பில் இல்லை. மறுநாள் வரவழைத்துத் தருவதாகச் சொல்லி ஆயில்காரர் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். ஆயிலைக் கொடுக்காமலும் இருக்க முடியவில்லை, கடைக்காரரே பக்கத்தில் நின்றார். மலைப் பாதை, வளைவு, ஒரு பக்கம் பள்ளம், திடீரென்று உறைந்து நிற்கிற இன்ஜின். அன்றைக்கு அவர் தூங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடைக்காரரிடம் லீவு கேட்டார். கடைக்காரர் பதறிப்போனார். "உடம்புக்கு என்ன?" என்றார். இத்தனை வருஷத்தில் மனிதர் லீவு கேட்டதே இல்லை.

இரண்டு பஸ் மாறி தம்பி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது தம்பி மனைவி. ஒரு நொடி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்க மாமா... இளைச்சுப் போயிட்டீங்களே."

தம்பி பக்கத்துக் கொட்டகையில் இருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. வண்டி நின்ற இடம் காலியாக இருக்க, வண்டியை மூடியிருந்த பெரிய துணியைத் தனி ஆளாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை விழுந்தது. அண்ணனைப் பார்த்தான். ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"உக்காருங்க" என்றான். முன்பெல்லாம் நீ, வா, போ என்பவன்.

ஆயில்காரர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் திறக்காது என்று பயம். "வண்டியை வாங்கின பொண்ணு நாளைக்கு அஞ்சு முப்பது ஊத்தப் போறாங்க. ஊத்தக் கூடாது. தண்டு மெலிஞ்சிருக்கு. நான் பழைய பேரிங்கையே போட்டேன். அன்னைக்கு வண்டி நின்னது உன்னால இல்ல. என்னால. நீ ஊத்தினதுதான் சரியான ஆயில். எனக்குத் தெரிஞ்சே உன் மேல பழியைப் போட்டேன்."

அவ்வளவுதான். பதினோரு வருஷம் சுமந்தது ஒரு பஸ் டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தெரியும்" என்றான் தம்பி.

"என்ன தெரியும்?"

"நீங்க போன ரெண்டாம் மாசமே இன்ஜினைத் திறந்தேன். அளந்து பார்த்தேன். தடிச்ச பேரிங் வரவழைச்சுப் போட்டேன். அன்னையிலேர்ந்து அஞ்சு முப்பதுலதான் ஓடுது. ஒரு குறையும் இல்ல. அந்தம்மா தைரியமா ஓட்டலாம்."

ஆயில்காரருக்குப் புரிய நேரமானது. "அப்போ வருஷா வருஷம் நான் குடுத்த ஆயில்?"

"எதிர்வீட்டு லாரிக்காரர் வண்டிக்குப் போச்சு. அவர் வேற, உங்க அண்ணன் ரொம்ப நல்ல ஆயிலா குடுக்கறார்னு சொல்லிட்டே இருப்பார்."

வேறு ஒரு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினார், குடிக்கவில்லை.

"தெரிஞ்சுமா சீட்டு அனுப்பினே?"

"தெரிஞ்சதாலதான் அனுப்பினேன்" என்றான் தம்பி. "எந்த ஆயில் சரின்னு எனக்குத் தெரியாதா? உங்க வாயால வரட்டும்னு கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தடவை சொல்லிடுவார்னு இவகிட்ட சொல்லுவேன். இருபது ஐம்பதுன்னு எழுதி வரும். வாசல்லயே நின்னு படிப்பேன்." துணியின் ஒரு முனையைக் கையில் வைத்துக்கொண்டே பேசினான். "இந்த வருஷமும் எழுத உக்காந்தேன். கை ஓடல. வண்டியை வித்துட்டேன். அவ்வளவுதான்."

"நீயாவது ஒரு தடவை நேர்ல வந்திருக்கலாமேடா."

"நானா?"

ஆயில்காரர் குனிந்தார். கீழே கிடந்த துணியின் மறுமுனையை எடுத்தார். இருவருமாக நீளவாக்கில் இரண்டு மடிப்பு மடித்தார்கள், பிறகு குறுக்கே. முனைகள் சேரும்போது தம்பி அவர் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டு, முழுத் துணியையும் அலமாரியில் வைத்தான்.

"அடுத்த வாரம் வரட்டுமா?" என்றார் ஆயில்காரர். குழந்தை கேட்பது போல இருந்தது, அது அவருக்கே தெரிந்தது.

தம்பி நிஜமாகவே யோசித்தான். முகத்தில் வன்மம் இல்லை. அது இருந்திருந்தால்கூட ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"எதுக்கு?" என்றான். "வண்டிதான் போயிடுச்சே."

தம்பி மனைவி வாசல் வரை வந்தாள். "சாப்பிட்டுப் போங்க மாமா" என்றாள். அவர் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். தம்பியும் ஒரு வார்த்தை சொல்வான் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உள்ளே பெருக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. "இன்னொரு நாள் வரேம்மா" என்று செருப்பை மாட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில். பல் டாக்டரின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. குறித்து வைத்திருந்த நம்பரை எடுத்துக் கூப்பிட்டார்.

"டாக்டர், நான் ஆயில் கடைலேர்ந்து பேசறேன். ஃபில்டர் இன்னைக்குச் சாயங்காலம் வந்திடும். அஞ்சு முப்பதே ஊத்துங்க. அதுதான் சரி. நேத்து நான் சொன்னது தப்பு."

"அட, இதுக்கா கூப்பிட்டீங்க? பரவாயில்லைங்க. நீங்க என் நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

"இல்ல டாக்டர்" என்றார் ஆயில்காரர். "நல்லதுக்குச் சொல்லல. அந்த வண்டியை ஓட்டினவனுக்கு நான் ஒரு துரோகம் பண்ணினேன். அது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் அந்த ஆயிலைச் சொன்னேன். பதினோரு வருஷமாச் சொன்னேன். என் கூடப் பிறந்தவன் அவன்."

சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதில்தான் அவர் உடைந்துபோனார். மறுமுனையில் யாரோ அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

"ஹலோ? அழறீங்களா?" என்றார் டாக்டர். "உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அவர் பக்கத்தில் பார்த்தார்.

"யாரும் இல்லைங்க" என்றார்.